பஞ்சின் கனம்

உங்கள் அலுவலகத்தில் நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன, மேடம். முதுகுவலிக்காரன் ஓர் அறைக்குள் நுழைந்ததும் மனிதர்களைப் பார்க்க மாட்டான், நாற்காலிகளைத்தான் பார்ப்பான். சாய்மானம் எப்படி, மெத்தை அமுங்குமா, எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று ஒரு பார்வையில் கணக்குப் போட்டுவிடுவான். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தேன். மாப்பிள்ளை எப்படி என்று அக்கா கேட்டாள். முன்வரிசையில் நல்ல சோபா போட்டிருந்தார்கள் என்று சொன்னேன்.

நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. நடுநடுவே எனக்குச் சிரிப்பு வரும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அவ்வளவு சந்தோஷமான காலம்.

நான் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளன். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து இருக்கையில், காலடியில் ஒரு தனி பிரேக்கோடு நான் உட்கார்ந்திருப்பேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் கிளட்சை வெடுக்கென்று விடுவார்கள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிடும். அவர்களுக்கு அது வெறும் துள்ளல். எனக்கு இடுப்பில் ஆரம்பித்து, தொடை வழியாகக் கால் கட்டைவிரல் வரைக்கும் ஒரு மின்னல். வருடக்கணக்கில் இப்படியே போயிற்று. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். என் முதுகுக்குள் மெத்தை இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தெரிந்த அன்றே அது பழுது.

நான் போகாத இடம் இல்லை. நரம்பு டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். வலி போகவில்லை, நான் போய்விட்டேன். ஒரு மாணவி, "சார், முன்னாடி செவுரு, சார், செவுரு" என்று கத்தியிருக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம், நல்லா வருது, அப்படியே போங்க" என்றேனாம். அந்த வண்டியின் மூக்கு இன்னும் சப்பையாகத்தான் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டார்கள். பெல்ட் கட்டினார்கள். எடை தொங்கவிட்டுக் காலை இழுத்தார்கள். ஒருவர் என்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். சட்டைப் பையிலிருந்த சில்லறை எல்லாம் விழுந்தது, வலி மட்டும் விழவில்லை. கட்டிலில் படுக்க முடியாமல் தரையில் படுத்தேன். தரையில் படுக்க முடியாத நாட்களில் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அத்தான் இறந்த பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையை வளர்த்தவள் அவள். மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அவ ஒழுங்கா சாப்பிட மாட்டாடா. பின்னாலயே ஓடி ஓடி ஊட்டணும்," என்றாள்.

"நான் பாத்துக்கறேன், நீ தைரியமா போக்கா," என்றேன்.

ஓடவும் செய்தேன், மேடம். நொண்டி நொண்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. அப்படியே சரிந்து ஹாலில் குப்புறப் படுத்துவிட்டேன். அலமாரி மேல் இருந்த கலர்ப் பென்சில் டப்பா அவளுக்கு எட்டவில்லை. "மாமா, உங்க மேல ஏறி எடுத்துக்கட்டுமா?" என்றாள். வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. பேசாமலிருந்தால் சரி என்று அர்த்தம் என அவள் எடுத்துக்கொண்டாள். இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பாதத்தை வைத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு பாதம்.

எப்படிச் சொல்வது? மேல்மாடியில் வருடக்கணக்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது போல. அவ்வளவு அமைதி. என் காலை எனக்கே தெரியவில்லை. காலில் வலி மட்டும்தான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கால் இப்போதுதான் வந்து சேர்ந்தது.

"எறங்காத கண்ணு," என்றேன். "அப்படியே நட."

நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்து, "மாமா, அழுறீங்களா?" என்றாள்.

"இல்லடா, சிரிக்கிறேன்."

எழுந்து நின்றேன். அவளைத் தூக்கிச் சுற்றினேன். ஷூவை ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு ஹாலில் ஆடினேன். இரண்டு பேருமாகக் கடைக்கு ஓடினோம், உண்மையாகவே ஓடினோம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள், அதையும் வாங்கிக் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். இரண்டு கப்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் வைத்த பெயர் பஞ்சு. தினமும் காலையில் விளையாட்டு. என் முதுகுதான் ரோடு, அவள்தான் வண்டி. நான் கீழிருந்து சொல்லிக்கொடுப்பேன்: "கிளட்ச் மெதுவா... மெதுவா... இப்ப ரெண்டாவது கியர்... கழுத்துல சிக்னல், நில்லு... அப்படியே ரிவர்ஸ் எடு." அவள் பின்பக்கமாகத் தத்தித் தத்தி வருவாள். வாயாலேயே ஹாரன் அடிப்பாள். சில நாள் சிரிப்புத் தாங்காமல் என் மேலேயே உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. யாரும் அவளை வற்புறுத்தவில்லை.

வேலையில் ஆளே மாறிப்போனேன். சாலை விதிகளைப் பாட்டாகப் பாடிச் சொல்லிக்கொடுத்தேன். மாணவர்கள் கிளட்சை வெடுக்கென்று விட்டால், "ஒன்ஸ்மோர்" என்றேன். முதலாளி ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்து பார்த்தார். நான் அவருக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். அப்படி ஒரு காலம்.

ஆனால் பிள்ளைகள் வளர்கிறார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. சீருடையின் கை குட்டையாயிற்று. செருப்பு சின்னதாயிற்று. என்னைப் போலவே அவளுக்கும் சந்தோஷத்தில் நன்றாகப் பசித்தது. பின்னால் ஓடி ஊட்ட வேண்டிய பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் காலையில் இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தபோது இடுப்பில் பழைய மின்னல் வெட்டியது. பாதம் அதே பாதம்தான். கனம்தான் வேறு.

வேறு வழி தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன். மணல் மூட்டை ஒன்றைத் தைத்து முதுகில் வைத்துப் பார்த்தேன். வைத்த இடத்தில் அது செத்தது போலக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சின்னவனுக்கு மிட்டாய் கொடுத்து ஏற்றினேன். அவன் நடக்கவில்லை, குதித்தான். அவன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். பஞ்சுவையே ஒரு காலை நாற்காலியில் வைத்து, ஒரு காலை மட்டும் என் மேல் வைக்கச் சொன்னேன். நாற்காலி சரிந்து இரண்டு பேரும் உருண்டோம். விழுந்து விழுந்து சிரித்தோம். வலி மட்டும் அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவன் நான்தான். அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். "மாமா, வண்டி ஓட்டலாமா?" என்று அவளேதான் கேட்டாள். ஏறினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை, மேடம். அந்த முதல் நாளைவிட நன்றாக இருந்தது.

அன்று மாலை அவள் இன்னொரு ரொட்டி கேட்டாள். காய்ச்சல் வந்த உடம்பு, லேசாகத்தான் சாப்பிட வேண்டும் என்றேன். எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். மறுநாளும் சொன்னேன். அடுத்த வாரமும் சொன்னேன். காய்ச்சல் வந்த உடம்பு என்பது எந்தத் தேதியோடு முடிகிறது என்று யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லையே.

நான் கடுமையாக எதுவும் செய்யவில்லை. எல்லாவற்றையும் விளையாட்டாகவே செய்தோம். மிச்சம் வைக்கிற போட்டி ஒன்று வைத்தேன். யார் தட்டில் அதிகம் மிச்சம் இருக்கிறதோ அவருக்கு ஒரு தங்க நட்சத்திரம். உங்கள் ஆட்கள் வந்து போட்டோ எடுத்தார்களே, சுவர் நிறைய நட்சத்திரம், அது இதுதான். அவ்வளவும் அவள் ஜெயித்தது. நான் வேண்டுமென்றே தோற்பேன். பிள்ளைகளை ஜெயிக்க விட வேண்டும்.

கொஞ்ச நாளில் சமையலறைக் கதவில் ஒரு சைக்கிள் மணியைக் கட்டினேன். அவள் உள்ளே போனால் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. பிறகு அந்தக் கதவுக்குப் பூட்டும் போட்டேன். குளியலறையில் பற்பசை சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. ஸ்ட்ராபெரி வாசனை போட்ட பற்பசை. வேறு வகைக்கு மாற்றினேன், உவர்ப்பாக இருக்கும் வகை. பல்லுக்கு அதுதான் நல்லது. பள்ளியில் மதியச் சாப்பாடு கொடுப்பார்கள். அங்கே போய், அவளுக்கு வயிற்றில் ஒரு கோளாறு, டாக்டர் வெளிச்சாப்பாடு எதுவும் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். அது பொய்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாரையும் புண்படுத்தாத பொய்.

அக்கா வாராவாரம் போனில் முகம் பார்ப்பாள். "ஏண்டா, கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சே இவளுக்கு?" என்றாள் ஒருமுறை.

"ஒசரமாயிட்டு வர்றாக்கா. நீயும் இந்த வயசுல குச்சி மாதிரிதானே இருந்த?"

"ஆமாண்டா," என்று அக்கா சிரித்தாள். "அம்மா என்னைக் கொடிக்கம்பம்னு கூப்பிடுவா. என்ன பாப்பா, சாப்பிடறியா?"

பஞ்சு என்னைப் பார்த்தாள். "நான்தாம்மா எல்லாத்துலயும் ஃபர்ஸ்ட்டு," என்றாள்.

என் வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை பாருங்கள்.

அவள் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். நடுங்குகிற ரகம். கிளட்ச் என்றாலே கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது, சாலையைப் பார்த்தபடியே, "சார், பாப்பாவுக்கு நிஜமாவே வயித்துல கோளாறா?" என்றார்.

"ஆமா டீச்சர். ஏன்?"

"சாப்பாட்டு நேரத்துல மத்த பிள்ளைங்க தட்டையே பாத்துட்டு நிக்கிறா. நேத்து படம் வரையச் சொன்னேன். வட்டம் வட்டமா வரைஞ்சா. என்னன்னு கேட்டா ரொட்டிங்கறா."

"பச்சை விழுந்துருச்சு டீச்சர், கிளட்ச மெதுவா விடுங்க," என்றேன். வெடுக்கென்று விட்டார். அன்றைக்குத் துள்ளியது எனக்கு வலிக்கவே இல்லை. அவ்வளவு நல்ல நிலையில் இருந்தது என் முதுகு.

ஆனால் அடுத்த வாரம் ஏதோ கூடியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத கூடுதல். என் முதுகுக்குத் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி, அவளை எதிரே உட்காரவைத்து, அன்பாகத்தான் கேட்டேன். "பஞ்சு, யாராச்சும் ஒனக்கு ஏதாச்சும் குடுக்கறாங்களா?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர் வாழப்பழம் குடுத்தாங்க மாமா. தெனமும் ஒண்ணே ஒண்ணுதான். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு தோலையும் தின்னுட்டேன் மாமா."

நான் கோபப்படவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டேன். சுவரிலிருந்து நட்சத்திரம் எதையும் பிடுங்கவில்லை. மறுநாள் பள்ளிக்குப் போய், அவளை அம்மாவிடம் அனுப்பப் போகிறேன் என்று சொல்லிப் பெயரை எடுத்துவிட்டேன். டீச்சரிடமும் அதையே சொன்னேன். "நல்லதுங்க சார், அம்மாகிட்ட இருந்தா தேறிடுவா," என்றார். அதன் பிறகு அவள் வீட்டில்தான் இருந்தாள். அக்காவிடம் போனில் கேமரா பழுது என்று சொல்லிக் குரலை மட்டும் கேட்கவைத்தேன். நான் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவேன். வந்ததும் காலையில் விட்ட விளையாட்டு. அந்த நாட்களில் நான் இருபது வயதுப் பையன் மாதிரி இருந்தேன். மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். கண்ணாடியைப் பார்த்து விசிலடித்தேன். முதலாளி எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று ஸ்கூல் முழுக்கச் சொல்லிவிட்டார்.

டீச்சருக்கு லைசென்ஸ் பரீட்சை இருந்த நாள். நான்தான் அழைத்துப்போக வேண்டும். அன்று நாளெல்லாம் காரில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் காலையிலேயே பஞ்சுவை எழுப்பினேன். அவள் நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வாசல் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, ஷூ போட்டுக்கொண்டு தயாராக ஹாலில் குப்புறப் படுத்தேன். அவள் முக்காலியில் ஏறி என் முதுகுக்கு வந்தாள்.

"மாமா, தல சுத்துது."

"ரெண்டே ரெண்டு ரவுண்டு கண்ணு. அப்புறம் தூங்கிக்கோ."

முதல் ரவுண்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவதில், கழுத்து சிக்னலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். என் தோள்பட்டைகளுக்கு நடுவே அவள் கன்னம். இரண்டு கையும் என் விலாவின் இருபுறமும் தொங்கின. கனம் ஓர் இடத்தில் குத்தாமல், கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே சீராகப் பரவியது. மேடம், நான் பார்த்த எந்த டாக்டராலும் அதைச் செய்ய முடிந்திருக்காது. எனக்கு உடம்பே இல்லை. காற்றில் போட்ட சட்டை மாதிரி கிடந்தேன்.

"பஞ்சு," என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். மூச்சு மட்டும் என் சட்டை மேல் சின்னச் சின்னதாகப் பட்டது. நடுவே நின்று நின்று பட்டது. போன் அடித்தது, எடுக்க வேண்டுமென்றால் அவளைக் கீழே இறக்க வேண்டும். மறுபடியும் அடித்தது. ஜன்னல் வெயில் தரையில் நகர்ந்து அலமாரியில் ஏறியது. எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அவள் அசைந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பரீட்சைக்கு ஆளைக் காணோமே என்று டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர், "சார்..." என்றார். பிறகு, "ஐயோ, பாப்பா ஊருக்குப் போகலையா? சார், பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"சத்தம் போடாதீங்க டீச்சர்," என்றேன். "இன்னும் அஞ்சே நிமிஷம்."

அவர் கேட்கவில்லை. வாரித் தூக்கிவிட்டார். அவள் என் மேலிருந்து போன அந்த நொடியில் வலி திரும்ப வந்தது, அலறிவிட்டேன். பிள்ளையைப் பார்த்துத்தான் நான் அலறினேன் என்று டீச்சர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனசு அவருக்கு. வாசலில் நின்றிருந்த டிரைவிங் ஸ்கூல் காரில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அவரே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டி கிளம்பிய சத்தத்தைத் தரையில் கிடந்தபடியே கேட்டேன். ஒரு துள்ளல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கிளட்சை விட்டார். நான் மோசமான வாத்தியார் இல்லை, மேடம்.

நேரடியாகக் கேட்டீர்கள், நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். அவளைப் பட்டினி போட்டது நான். தெரிந்துதான் போட்டேன். அன்று காலை அவள் தூங்கவில்லை, மயங்கி விழுந்தாள் என்பதும் விழுந்த உடனேயே எனக்குத் தெரியும். எழுந்திருக்க மனம் வரவில்லை. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் விமானத்தில் வந்துகொண்டிருக்கிறாள் என்றார்கள்.

பஞ்சு பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னாராம். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. வேளாவேளைக்குப் பால், முட்டை, பழம் என்று கொடுக்கிறார்களாமே. நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு அவளைப் பற்றி என்ன தெரியும், மேடம்? கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை என்னத்துக்கு ஆகும்? அவள் மேல் உண்மையான அக்கறை இருக்கிற ஒருவர் பக்கத்திலேயே இருந்து, அளவு பார்த்துக் கொடுக்க வேண்டாமா?